சுமைதாங்கியடிக்கு முன்னாலை திரும்புற ஒழுங்கை

எனக்குப் பயம் கூட. அதைச் சொல்ல எனக்கு வெக்கமில்லை. என்ரை மனுசி சுபைதா பிள்ளையளுக்கு முன்னாலையே சொல்லுவா, "உங்கடை வாப்பா பூனை குதிச்சாலும் எழும்பிக் கதவைப் பாக்கிற ஆள்" எண்டு. சொல்லட்டும். பயந்து பயந்து ஓடினபடியால்தான் பதின்மூண்டு வருசமா ஓட்டோ ஓடியும் ஒருத்தரையும் இடிக்காமல் இருக்கிறன். பயமில்லாதவங்கள் எல்லாம் எங்கை கிடக்கிறாங்கள் எண்டு எனக்குத் தெரியும்.

என்ரை பேர் யாக்கூப். யாழ்ப்பாணம் சோனகதெருவிலை பிறந்தனான். தொண்ணூறாம் ஆண்டு எனக்குப் பத்து வயது. எங்கடை சோனக ஆக்கள், முஸ்லிம் சனம் எல்லாரையும் இயக்கக்காரர் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளை ஊரை விட்டு வெளிக்கிடு எண்டாங்கள், வெளிக்கிட்டம். பிறகு புத்தளத்திலை இருவது வருசம். சண்டை முடிஞ்ச பிறகு திரும்பி வந்து, இடிஞ்சு கிடந்த வீட்டிலை ஒரு அறையை மட்டும் திருத்திப்போட்டு ஓட்டோ எடுத்தன். இதுதான் என்ரை முழுச் சரித்திரமும். ஆனால் இப்ப நான் சொல்லப்போறது போன வருசம் நான் செய்த ஒரு பிழையைப் பற்றி.

போன வருசம் குருநகரிலையிருந்து ஒரு ரீச்சரை மானிப்பாய்க்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடத்துக்கு நாளாந்தம் ஏத்தி இறக்கினனான். றஜிதா ரீச்சர். முப்பத்தாறு வயது. புருசன் ஜெயசுதன் கடலுக்குப் போற பொடியன். அவைக்குக் கலியாணம் முடிச்சு ஒம்பது வருசம், மூண்டு தரம் பிள்ளை தங்கி மூண்டு தரமும் கலைஞ்சு போச்சு. நாலாந்தரம் தங்கினவுடனை மாமியார் மரியநாயகியம்மா என்னைக் கூப்பிட்டு, "இனிமேல் இவள் பஸ்ஸிலை போகக்கூடாது, நீ கொண்டுபோய் விடு தம்பி" எண்டா.

நான் நினைச்சன் பஸ் குலுக்குறதுக்காக்கும் எண்டு. அதில்லையாம். ஆனைக்கோட்டை தாண்டிக் கொஞ்சத்தூரத்திலை மெயின் ரோட்டுக் கரையிலை ஒரு பழைய சுமைதாங்கி நிக்குது. இரண்டு கல்லை நட்டு, அதுக்கு மேலை ஒரு கல்லைக் கிடையாப் போட்டது, ஆளின்ரை நெஞ்சு உயரம். அந்தக் காலத்திலை தலைச்சுமையோடை நடந்து போற சனம் ஒருத்தற்றை உதவியும் இல்லாமல் சுமையை இறக்கி வைச்சு இளைப்பாறக் கட்டினது. ஆனால் சும்மா கட்டிறேல்லை. வயித்திலை பிள்ளையோடை செத்துப்போன பொம்பிளையின்ரை பேரிலைதான் கட்டுவினம். இறக்கி வைக்காமல் போன சுமையை அந்தக் கல்லு தாங்கட்டும் எண்டு ஒரு நம்பிக்கை. பள்ளிக்கூடம் விட்டு வரேக்கை றஜிதா ரீச்சர் பஸ் பாத்து நிக்கிற இடம் அந்தக் கல்லடிதான். பஸ் பிந்தினால் கொப்பியளை அந்தக் கல்லிலை வைச்சுப்போட்டுச் சாஞ்சு நிப்பாவாம். மூண்டு வயிறும் அப்பிடித்தான் போனதெண்டு மரியநாயகியம்மா முடிவு கட்டிப்போட்டா.

"அந்தக் கல்லு இவளின்ரை கண்ணிலை படக்கூடாது. அதுக்கு முன்னாலை உள்ளுக்கை ஒரு ஒழுங்கை திரும்புது, வயலுக்குள்ளாலை போய்ப் பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட ஏறும். அதாலை போ. அதாலை வா. சத்தியம் பண்ணு."

ஒவ்வொரு ஞாயிறும் மாதா கோயில் பூசைக்குப் போற மனுசி. "என்னம்மா, நீங்களும் உதுகளை நம்புறியளோ?" எண்டன். "நம்புறனோ இல்லையோ, எனக்குப் பயமா இருக்குது" எண்டா. பயமெண்டு சொல்லுற ஆளோடை எனக்கு வாதாட வராது. அல்லாவறிய அந்த ரோட்டாலை போகமாட்டன் எண்டு சத்தியம் பண்ணினன்.

காலமை ஆறரைக்கு அவையின்ரை வீட்டு வாசல் படலையிலை நிப்பன். என்ரை ஓட்டோவின்ரை முன்கண்ணாடியிலை ஆயத்துல் குர்ஸி எண்ட குர்ஆன் வசனம் எழுதின ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. மரியநாயகியம்மா சின்னப் போத்திலிலை தீர்த்தம் கொண்டுவந்து அதுக்கு மேலை தெளிப்பா. இரண்டு பக்கத்துக் காவலும் இருந்தால் எனக்கென்ன நட்டமே.

ரீச்சர் படிப்பிக்கிற பாடம் வரலாறு. அதாலை வழி முழுக்க எனக்குப் பாடம். பெரியகோயிலடியிலை சிலுவை போட்டுக்கொண்டே எந்த ஆண்டு எந்த பிஷப் மேற்றிராணியாரா இருந்தவர் எண்டு தொடங்குவா. மணிக்கூட்டுக் கோபுரம் ஒரு வெள்ளைக்கார இளவரசன் வந்ததுக்குக் கட்டினதாம். கோட்டையைப் பறங்கியர் கட்ட, ஒல்லாந்தர் உடைச்சுத் திரும்பக் கட்டினவையாம். என்னை எங்கடை ஆக்கள் அண்ணனைக் கூப்பிடுற மாதிரி நானா எண்டுதான் கூப்பிடுவா. "நானா, உந்த மதிலுக்குள்ளை இருக்கிற கல்லெல்லாம் கடலிலை வெட்டினது, முருகைக்கல்லு, வடிவாப் பாத்தியளெண்டால் சிப்பி தெரியும்" எண்டு குழந்தைப்பிள்ளை மாதிரிச் சந்தோசப்படுவா.

எனக்கெங்கை சிப்பி தெரியிறது. தொண்ணூறிலை கோட்டையிலை அடிபாடு நடக்கேக்கை எங்கடை வீட்டு ஓடெல்லாம் குலுங்கும், உம்மா எங்களைக் கட்டிலுக்குக் கீழை தள்ளிப்போட்டு மேலை தான் படுப்பா. இப்ப அங்கை சனம் ஏறி நிண்டு செல்பி எடுக்குது, ஐஸ்கிறீம் குடிக்குது. குடிக்கட்டும். லைப்ரரியைத் தாண்டேக்கை எரிஞ்ச கதை. எங்கடை தெருவுக்குள்ளாலை போகேக்கை நான் வெளிக்கிட்டுப் போன கதை, அதை நான்தான் சொல்லுவன், அவ கேட்டுக்கொண்டு வருவா. ஓட்டுமடம், ஆறுகால்மடம். மடமும் இல்லை, மடத்தின்ரை காலும் இல்லை, பேர் மட்டும் கிடக்குது. உவ படிப்பிக்கிற வரலாறு கட்டினவன்ரை வரலாறு. நான் ஓடினவன். எனக்கு ஒவ்வொரு பழைய கட்டிடமும் ஒவ்வொரு பயம், அவ்வளவுதான்.

ஒருநாள் ஒழுங்கைக்குள்ளை திரும்பேக்கை கேட்டன், "ரீச்சர், நீங்கள் படிச்சனீங்கள், உந்தக் கல்லுக்குப் பயப்பிடுறியளோ?"

"அதைப்பற்றிப் பிள்ளையளோடை சேந்து கட்டுரை எழுதினனான் நானா. அதிலை இருக்கிற பேரைக் கூடத் தேய்ச்சு வாசிச்சனான். அப்ப பயமில்லை. இப்ப இருக்கு. படிச்சது தலையிலை இருக்குது, பிள்ளை வயித்திலையெல்லே இருக்குது" எண்டா.

நேரை போனால் இரண்டு நிமிசம். ஒழுங்கையாலை போனால் எட்டு நிமிசம். தாரில்லாத வழி, நடுவிலை ஒரு மதகு, இரண்டு பக்கமும் வயல். கிடங்குக்குக் கிடங்கு நிப்பாட்டி நிப்பாட்டி, முட்டை கொண்டுபோற மாதிரித்தான் அவவைக் கொண்டுபோனனான். மே மாசம் போச்சு, ஓகஸ்ட் போச்சு, பிள்ளை நிண்டுட்டுது. ஆறாம் மாசம் தாண்டினவுடனை மரியநாயகியம்மா எனக்குப் பெரிய தட்டிலை பலகாரம் தந்தவ. ஏழு தாண்டினது. எட்டு பிறந்தது. அடுத்த கிழமையோடை லீவு எண்டு ரீச்சர் சொன்னா. எனக்கு நெஞ்சுக்குள்ளை கொஞ்சம் காத்து வந்தமாதிரி இருந்தது.

நவம்பர் மழை. நாலு நாளாப் பிடிச்ச மழை விடேல்லை. அந்த வியாழக்கிழமை காலமை ஒழுங்கையிலை மதகுக்கு மேலாலை தண்ணி மெல்லிசா ஓடிக்கொண்டிருந்தது, மெதுவாக் கடந்து ரீச்சரை இறக்கிவிட்டனான். பத்து மணி போலை மானிப்பாயிலையிருந்து ஆனைக்கோட்டைக்கு ஒரு ஹயர் கிடைச்சு, ரீச்சர் ஏறாதபடியால் மெயின் ரோட்டாலை போய் வந்தன். ரோட்டு நல்லாத்தான் கிடந்தது. இதை ஏன் சொல்லுறன் எண்டால், எனக்குத் தெரியும். வடிவாத் தெரியும்.

பத்தே முக்காலுக்குப் போன் அடிச்சுது. ரீச்சரோடை படிப்பிக்கிற தர்சினி எண்ட பிள்ளை. "நானா, கெதியா வாங்கோ, றஜிதாக்காவுக்கு இரத்தம் போகுது."

நான் போகேக்கை இரண்டு பேர் பிடிச்சுக்கொண்டு வாசலிலை நிக்கினம். சீலை முழுக்க இரத்தம். முகத்திலை ஒரு சொட்டு இரத்தமில்லை. தர்சினி பின்னுக்கு ஏறி அவவின்ரை தலையைத் தன்ரை மடியிலை வைச்சுக்கொண்டுது. கிளினிக் கொப்பி பெரியாஸ்பத்திரியிலை, அங்கைதான் உடனை வரச்சொல்லி முந்தியே டொக்டர் சொல்லி வைச்சது. நான் யாழ்ப்பாணத்துக்கு விட்டன்.

ஒழுங்கைக்குத் திரும்புற இடம் வந்தது. நேரை பாத்தால் ரோட்டு வெறுமையாக் கிடக்குது. இரண்டு நிமிசம்.

நான் பிரேக் பிடிச்சன். அந்தக் கல்லிலை ஒரு பேய் இருக்கெண்டு நான் நம்பேல்லை. அல்லாவறியச் சொல்லுறன், நம்பேல்லை. எனக்கு வந்த பயம் வேறை. நேரை போய், பிள்ளைக்கு ஒண்டு நடந்தால்? மரியநாயகியம்மா கேப்பா, எந்த ரோட்டாலை கொண்டுவந்தனீ எண்டு. குருநகர் முழுக்கக் கேக்கும். சத்தியத்தை முறிச்சு அந்தக் கல்லடியாலை கொண்டுபோய்ச் சோனகன் பிள்ளையைச் சாக்காட்டிப்போட்டான் எண்டு ஒரு ஆள் சொன்னால் காணும். ஒருக்கால் ஒரு சொல்லிலை ஊரை விட்டுப் போனவனுக்குத்தான் அது விளங்கும். பிள்ளை எப்பிடியாவது போகட்டும், பழி என்ரை தலையிலை விழக்கூடாது எண்டு நினைச்சனே? அப்பிடிச் சொல்லால் நினைக்கேல்லை. ஆனால் என்ரை கை அப்பிடித்தான் நினைச்சுது. ஹாண்டிலைத் திருப்பிப்போட்டன்.

"ஏன் நானா உள்ளுக்கை திருப்புறியள்?" எண்டு தர்சினி கத்தினாள்.

"மெயின் ரோட்டிலை வெள்ளம் பிள்ளை" எண்டன்.

மதகடிக்கு வந்தால் மதகைக் காணேல்லை. காலமை மெல்லிசா ஓடின தண்ணி இப்ப முழங்காலுக்கு நிக்குது. திருப்பிக்கொண்டு போவம் எண்டால் ஒழுங்கை ஒடுக்கம், இடமில்லை. விட்டுப் பாத்தன். பாதியிலை தண்ணி உள்ளுக்கை போய் இஞ்சின் நிண்டுட்டுது. இழுத்து இழுத்துப் பாத்தன், கோதாரி விழுவான், ஒரு இருமல் கூட இல்லை. இறங்கித் தள்ளினன். சில்லுச் சேத்துக்குள்ளை புதைஞ்சுது. ஒரு பக்கமும் ஆளில்லை. வயலும் மழையும்தான். தர்சினி அழுதுகொண்டு ஆருக்கோ போன் எடுக்குது. நான் தண்ணிக்குள்ளை நிண்டு, "ஆராவது வாங்கோ" எண்டு கத்திக்கொண்டே நிண்டன். அவ்வளவு பெலத்து என்ரை சீவியத்திலை நான் கத்தினதில்லை.

அப்பதான் ரீச்சர் கண் திறக்காமல் சொன்னா, "நானா, பிள்ளை அசையேல்லை."

ஒரே ஒரு துவாதான் வாயிலை வருது, அதுவும் பாதியிலை மறந்து போகுது. திருப்பித் திருப்பித் தொடங்குறன். அந்த நேரம் நான் இந்தப் பிள்ளைக்காகக் கேட்டனா, எனக்காகக் கேட்டனா எண்டு இண்டைக்கும் எனக்குச் சொல்லத் தெரியேல்லை.

தண்ணி பாக்க வந்த ஒரு வயல்காரர் நான் கத்தினதைக் கேட்டு, பெட்டி பூட்டின லான்ட்மாஸ்ரர் உழவு மிசினோடை வந்தார். கயிறு கட்டி இழுத்தார். மேட்டிலை ஏறினவுடனை, ரீச்சரை ஓட்டோவாலை இறக்கி லான்ட்மாஸ்ரர்ப் பெட்டியிலை ஏத்தி, மெயின் ரோட்டுக்குக் கொண்டுபோய், அங்கை ஒரு வானை மறிச்சம். நான் போனிலை நேரம் பாத்தன். ஒழுங்கைக்குள்ளை போய் முப்பத்தொரு நிமிசம். மெயின் ரோட்டிலை சனம் போகுது, பஸ் போகுது, ஒரு சொட்டு வெள்ளமில்லை. தர்சினி அதைப் பாக்கிற நிலையிலை இல்லை.

பெரியாஸ்பத்திரியிலை நேரை ஒப்பரேசனுக்குக் கொண்டு போயிட்டினம். ஈரச் சாறத்தோடை நான் சுவரோடை ஒட்டிக்கொண்டு நிண்டன். ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு ஒரு பொம்பிளை டொக்டர் வெளியிலை வந்தா.

"தாய் தப்பீட்டா. ஆம்பிளைப் பிள்ளை. சுவாசத்துக்குக் கஷ்டப்பட்டுது, அழக் கொஞ்சம் நேரமெடுத்தது. கண்ணாடிப் பெட்டிக்குள்ளை வைச்சிருக்கிறம், போகப்போகத்தான் பாக்கவேணும்." பிறகு என்னைப் பாத்தா. "ஏன் இவ்வளவு சுணங்கினது? அரை மணித்தியாலம் முந்திக் கொண்டுவந்திருந்தால் பிள்ளைக்கு இந்தக் கஷ்டம் வந்திராது."

"வெள்ளம் டொக்டர்" எண்டன். ஒரே பொய்யை ஒரே நாளிலை இரண்டாந்தரம் சொன்னன்.

மரியநாயகியம்மா செபமாலையோடை ஓடி வந்தவ. கடலாலை ஜெயசுதன் இன்னும் கரைக்கு வரேல்லை. அவ கண்ணாடிக்கு வெளியிலை நிண்டு பிள்ளையைப் பாத்தா, பேந்து நேரை என்னட்டை வந்து என்ரை இரண்டு கையையும் பிடிச்சா. சேறு பிடிச்ச கை. அதைத் தன்ரை கண்ணிலை ஒத்தினா.

"தர்சினி சொன்னவள் தம்பி. அவ்வளவு அவசரத்திலையும் ஒழுங்கையாலைதான் கொண்டுவந்தனியாம். நீ சொன்ன சொல்லைக் காப்பாத்தினபடியால்தான் என்ரை பேரன் உயிரோடை கிடக்கிறான். அந்தக் கல்லடியாலை வந்திருந்தால் இண்டைக்கு இவனும் இல்லை."

நான் பேசாமல் இருந்திருக்கலாம். பயந்தவன் பேசாமல்தான் இருக்கவேணும். ஆனால் அவ அழுதுகொண்டு என்ரை கையைக் கண்ணிலை வைச்சுக்கொண்டு நிக்கிறா, எனக்கு அது பொறுக்கேல்லை. கையை இழுத்துப்போட்டுச் சொன்னன்.

"நான் தர்சினிக்குச் சொன்னமாதிரி மெயின் ரோட்டிலை வெள்ளம் இல்லை அம்மா. ரோட்டு நல்லாத்தான் இருந்தது. நான் உங்களுக்குப் பயந்து ஒழுங்கையாலை திருப்பினனான். அரை மணித்தியாலம் தண்ணிக்குள்ளை நிண்டம். அந்த அரை மணித்தியாலத்திலைதான் பிள்ளைக்குக் காத்தில்லாமல் போனது. டொக்டர் சொன்னவ."

எனக்கு ஒரு அடி விழும் எண்டு நினைச்சன். விழேல்லை. அவ மர வாங்கிலிலை குந்தினா. செபமாலை கையிலை சும்மா கிடந்தது, ஒரு மணியும் நகரேல்லை. பிறகு, எனக்கு மட்டும் கேக்கக் கூடியதா, "றஜிதாவுக்குத் தெரியுமே?" எண்டு கேட்டா.

"இல்லை. வெள்ளமெண்டுதான் அவவுக்கும் தர்சினிக்கும் சொன்னனான்."

"அப்பிடியே இருக்கட்டும். சொல்லிப்போடாதை தம்பி. நான் வாங்கின சத்தியத்தாலைதான் எண்டு தெரிஞ்சால் பிள்ளையை என்ரை கையிலை தரமாட்டாள்."

அவவின்ரை முகத்தைப் பாத்தன். பயம். எனக்கு வாற அதே பயம். இவ்வளவு காலமும் நான் பயந்த மனுசி இப்ப எனக்குப் பயந்துகொண்டிருக்கிறா. சொல்லமாட்டன் எண்டன்.

பிள்ளைக்கு ஜெரிசன் எண்டு பேர் வைச்சவை. இப்ப எட்டு மாசம் முடிஞ்சுது. சிரிக்கிறான், ஆளை அறியிறான், ஆனால் இன்னும் பிடிக்காமல் நிமிந்து குந்தி இருக்கத் தொடங்கேல்லை. சில பிள்ளையள் பிந்தும் எண்டு கிளினிக்கிலை சொல்லுகினம். ஒவ்வொரு கிளினிக்குக்கும் நான்தான் ஏத்திக்கொண்டு போறன். ரீச்சர் கண்ட ஆக்கள் எல்லாருக்கும், "அண்டைக்கு மெயின் ரோட்டிலை வெள்ளம், நானா எப்பிடியோ எங்களைக் கொண்டுவந்து சேத்திட்டார்" எண்டு சொல்லுறா. அவ அதைத் தொடங்கின நேரமெல்லாம் நான் முன்கண்ணாடியைத் துடைப்பன். பிறகு குருநகரிலை படலையடிக்கு வந்து ஓட்டோவை நிப்பாட்டுவன். மரியநாயகியம்மா வந்து பிள்ளைக்குக் கை நீட்டுவா. நீட்ட முன்னம் ஒவ்வொரு முறையும் என்ரை முகத்தை ஒருக்கால் பாப்பா, நான் ஒண்டும் சொல்லேல்லை எண்டு தெரிஞ்ச பிறகுதான் தூக்குவா.